‘மேதாவி’ என்று ஒரு பட்டப்பெயர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் முதுகலைக் கணிதம் படித்தவள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு மூன்றாம் இடம் பெற்றேன். அப்பா கைத்தறி நெசவாளர். தறி நின்றுபோய்க் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம் அது என்பதால், ஆய்வுப் படிப்பை மறந்துவிட்டுக் குரூப் 4 தேர்வு எழுதினேன். மூன்று ஆண்டுகளாக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். கடன் அடைந்துவிட்டது. ஆனால் நான் இங்கே மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் தபால் பிரித்துத் தன்பதிவேட்டில் ஏற்றுவது, நிலுவைப் பட்டியல் தயாரிப்பது, நினைவூட்டுக் கடிதம் போடுவது என்று வேலை முழுவதும் கை செய்கிறதே தவிர, அதில் மூளைக்கு இடமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அகவிலைப்படி எப்போது அறிவிப்பார்கள், பவுன் என்ன விலை, யார் எந்தச் சீட்டை எடுத்தார்கள், நேற்று இரவு தொடரில் யார் யாரை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள் என்பதுதான் பேச்சு. ஒரு நாள் எண் கோட்பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். பக்கத்து இருக்கை அக்கா அன்பாகத்தான் கேட்டார், “இன்னும் எந்தப் பரீட்சைக்குப் படிக்கிற?” என்று. எந்தப் பரீட்சைக்கும் இல்லை என்றேன். அதன் பிறகு அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சென்ற மாதம் பட்டா மாறுதல் கோப்பு ஒன்றில் நான்கு உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டியதில், மூலப் புல எண்ணின் பரப்போடு ஒன்றரை ஏர்ஸ் (நூற்றைம்பது சதுர மீட்டர்) வித்தியாசம் வந்தது. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருக்கும் மூத்த உதவியாளர் போட்ட கணக்கு அது. மனுதாரர்கள் நின்றிருக்கும்போதே, “இது அஞ்சாம் கிளாஸ் கணக்கு சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கோப்பை வாங்கித் திருத்தினார். அன்றிலிருந்து எனக்கு ‘மேதாவி’ என்று பெயர்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இளங்கலையில் தோழிகளுக்கு நானே விளக்கிச் சொன்ன போல்சானோ–வெயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின் நிரூபணத்தை அன்றிரவு எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எனக்குத் திமிரா அம்மா? அல்லது இந்த இடத்தில் என் அறிவு உண்மையிலேயே தேய்ந்துகொண்டிருக்கிறதா? வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, பசிக்கிறது என்று சொல்லும் ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று நாம் சொல்வதில்லை, உங்களுக்கு இருப்பது பசிதான். ஐந்து ஆண்டுகள் கணிதத்தில் தினமும் புழங்கிய ஒரு மனம், மூன்று ஆண்டுகளாகத் தபால் எண் ஏற்றிக்கொண்டிருந்தால் ஏங்கத்தான் செய்யும், ஏங்காமல் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் மனுதாரர்கள் முன்னால் நீங்கள் அந்த மூத்தவரிடம் சொன்ன சொல் பசியில் சேராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை உங்கள் அறிவுக்கு வேலை வைக்கவில்லை என்பது ஒன்று, உங்களோடு பேச உங்கள் துறை சார்ந்த ஆள் இல்லை என்பது இன்னொன்று. முதல் குறைக்குக் காரணம் அந்தப் பணியின் அமைப்பு. பத்தாம் வகுப்புத் தகுதிக்கென்று வகுக்கப்பட்ட பணியில் முதுகலைப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வந்து அமர வேண்டிய நிலை இருக்கிறதென்றால், அதற்கு உங்கள் பக்கத்து இருக்கை அக்கா பொறுப்பாளி அல்ல. இரண்டாவது குறைக்கும் அவர் பொறுப்பாளி அல்ல. அவர் உங்களுக்குச் சக ஊழியராக இருக்கக் கடமைப்பட்டவரே தவிர, எண் கோட்பாடு பேசும் தோழியாக இருக்கக் கடமைப்பட்டவர் அல்ல. இந்த இரண்டு ஏமாற்றங்களையும் சேர்த்து நீங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையின் மேல் இறக்கி வைத்திருக்கிறீர்கள், அந்த மேசையால் அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியாது.

நீங்கள் இருக்கும் அதே வருவாய்த் துறையில், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே பசியோடு இருந்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வி. ராமசுவாமி ஐயர் துணை ஆட்சியர், கணிதத்தில் தீராத பற்றுள்ளவர். அன்றைய சென்னை மாகாணத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் உள்ள குத்தியில் (Gooty) அவர் பணியில் இருந்தபோது, அந்த ஊரில் அவருக்குக் கணித இதழ்களும் கிடையாது, கணிதம் பேச ஆளும் கிடையாது. அவர் என்ன செய்தார் என்றால், 1906-ஆம் ஆண்டு டிசம்பரில் பல ஊர்களில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு ஆண்டுச் சந்தா 25 ரூபாய் போட்டு வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் வாங்குவோம், அவற்றைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் படிப்போம் என்பதுதான் கடிதத்தின் சாரம். இருபது பேர் சேர்ந்தார்கள். 1907 ஏப்ரலில் ‘அனாலிட்டிக் கிளப்’ என்ற பெயரில் தொடங்கிய அந்தச் சிறு கூட்டம்தான் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது அந்தக் கழகத்தின் இதழில்தான்.

1910-இல், ராமசுவாமி ஐயர் திருக்கோவிலூரில் இருந்தபோது, கல்லூரித் தேர்வில் தோற்று வேலை தேடிக்கொண்டிருந்த ராமானுஜன் தன் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். கேட்டது என்னவோ வருவாய்த் துறையில் ஒரு எழுத்தர் வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசுவாமி ஐயர், இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து அந்த மேதைமையை நசுக்க மனம் வராமல், சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பி வைத்தார். பின்னர் ராமானுஜனுக்கு மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து ஆதரித்த ஆர். ராமச்சந்திர ராவும் வருவாய்த் துறைக்காரர்தான், நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர். நீங்கள் ராமானுஜன் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ராமசுவாமி ஐயராக இருக்க உங்களால் முடியும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். குத்தி அலுவலகத்து எழுத்தர்களைப் பார்த்து “உங்களுக்கு ஏன் கணிதம் வரவில்லை” என்று அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அந்தக் கழகம் பிறந்திருக்காது. தனக்குச் சமமானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி அவர் தபால் எழுதினார்.

உங்களுக்கு அந்தத் தபால் செலவுகூட இல்லை. உங்களோடு முதுகலை படித்தவர்களில் இன்று எத்தனை பேர் வங்கியிலும் பள்ளியிலும் வேறு அலுவலகங்களிலும் இதே ஏக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். நான்கு பேர் கிடைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரே புத்தகம், வாரத்துக்கு ஒருவர் ஒரு பகுதியை மற்றவர்களுக்கு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இன்னொருவருக்கு நடத்த வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளில் முதுகலைத் தரத்துக்கு மேற்பட்ட கணிதமும் இருக்கிறது. படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். வாரா வாரம் கெடு வைத்துப் பயிற்சிக் கணக்குகளை வாங்கிக்கொள்வார்கள் என்பதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் உள்ள பெரிய நன்மை.

நிரூபணம் மறந்துபோனதை எண்ணி அன்றிரவு நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நான் தமிழ் படித்தவள், எனக்கு அந்தத் தேற்றம் தெரியாது. ஆகவே கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் என் தோழியிடம் உங்கள் வரியைப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகச் சொல், எந்தப் பாதியில் முடிவில்லாமல் உறுப்புகள் விழுகின்றனவோ அந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளச் சொல், மீதி தானாக வந்துவிடும். நானே பாடம் எடுக்காத வருடத்தில் மறந்துவிடுவேன்” என்றார். மூன்று ஆண்டுகள் தொடாத ஒன்று மறப்பது இயல்பு. ஒரு மாதம் தொட்ட பிறகும் வராவிட்டால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அலுவலகத்துக்குள்ளே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு, அதிகம் உண்டு என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் மேசைக்கு வரும் புலப்படங்களை எடுத்துப் பாருங்கள். கோணல் மாணலான ஒரு வயலை முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் வெட்டி, ஓர் அளவுக்கோட்டிலிருந்து வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக அளந்து குறித்திருப்பார்கள். 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்தியப் பெரும் நில அளவையும் முக்கோணங்களைக் கொண்டே நாட்டை அளந்தது. நில அளவரிடம் கேட்டு ஒரு நாள் அவரோடு வயலுக்குப் போய் வாருங்கள். அது ஆராய்ச்சிக் கணிதம் ஆகாதுதான். ஆனாலும் வெறும் எண்ணாக உங்கள் பதிவேட்டில் ஏறும் அந்தப் பரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அந்தக் கோப்பு அன்று கொஞ்சம் உயிரோடு இருக்கும். மே, டிசம்பர் மாதங்களில் நடக்கும் துறைத் தேர்வுகளையும் தள்ளிப் போடாமல் முடித்துவிடுங்கள். உங்களுக்கு அவை கடினமாக இருக்காது. பதவி உயர்வு வந்தால் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து, யோசித்து எழுத வேண்டிய கோப்புகளுக்கு நகர்வீர்கள்.

அந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டைப் பற்றிய பேச்சைச் சலிப்பான பேச்சு என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. நான்காவது மாதம் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய்க்கு எடுக்கிறார். அவர் உண்மையில் கட்டும் வட்டி என்ன? முதல் மூன்று மாதம் கட்டிவிட்ட தவணைகளையும், மாதா மாதம் வரும் கழிவையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் விடை வரும், நேராக வகுத்தால் வராது. அந்த மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரிய வேண்டும், ஒருவருக்கும் கணக்கிடத் தெரியாது. ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். “எந்தப் பரீட்சைக்கு” என்று கேட்ட அதே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார் என்று நம்புகிறேன்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் செய்த தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. முதுகலைத் தமிழ் முடித்துவிட்டு, மனுக்கள் மலையாய்க் குவியும் ஓர் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இங்கே ஒருவருக்குக்கூடத் தமிழின் மேல் அக்கறை இல்லை என்று வீட்டில் புலம்பாத நாள் இல்லை. மதியம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து படித்தபடி சாப்பிடுவேன். எனக்கு மூன்றாவது மேசையில் ஒரு தட்டச்சர் இருந்தார். அதிகம் பேச மாட்டார், நானும் பேசியதில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்ய உதவப் போனேன். உள்ளே பழைய நாள்காட்டித் தாளில் அட்டை போட்ட மூன்று கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. தாங்கல், ஏந்தல், கலிங்கு, குமிழித் தூம்பு என்று நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் விவசாயிகளின் மனுக்களில் வந்த சொற்களை எல்லாம், எந்த ஊர் மனுவில் வந்தது, அந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டு, முப்பது ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மை நிறம் மாறியிருந்தது. “இதெல்லாம் யாரும்மா கேக்கப் போறாங்க” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். நான் கேட்டிருக்க வேண்டும். பதினொரு ஆண்டுகள் அவரிடமிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, தமிழ் பேச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ‘அஞ்சாம் கிளாஸ் கணக்கு’ என்று சொன்ன அந்த மூத்த உதவியாளரை எண்ணிப் பாருங்கள். 1980-களில் யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணி நடந்தபோது பெயர் மாறியும் பரப்பு மாறியும் விழுந்த பிழைகளால் இன்றும் மனுக்கள் வந்துகொண்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கிராம நிலங்களின் விவரம் உள்ள பழைய ‘அ’ பதிவேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிழை எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அவர் வயதுக்காரர்கள்தான். இரண்டு ஆண்டில் அவர் போய்விடுவார். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் போதாது, மனுதாரர்கள் முன்னால் சொன்ன சொல்லுக்கு அலுவலகத்தார் நாலு பேர் முன்னால்தான் மன்னிப்பு. “கணக்கு தப்புன்னு சொன்னது சரி சார், சொன்ன விதம் தப்பு” என்று சொன்னால் போதும். அதன் பிறகு அப்படிப்பட்ட ஒரு கோப்பை அவர் எப்படிப் படிக்கிறார் என்று கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையை விடுவது பற்றி: இன்று விடாதீர்கள், ஆனால் ஓய்வு பெறும்வரை இங்கேதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். கடன் அடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே வழி திறந்துதான் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வுக்குப் படியுங்கள். துறையின் முன் அனுமதி பெற்றுப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு வழியிருக்கிறதா என்று உங்கள் பழைய பேராசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். சிறுசேரியிலும் தரமணியிலும் உள்ள கணித நிறுவனங்களில் நடக்கும் பொது உரைகளுக்கு வருடத்தில் ஓரிரு முறையாவது போய் வாருங்கள், அந்தக் காற்றை மறக்கக் கூடாது. இரண்டு ஆண்டு என்று ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தேர்வில் வென்றால் தடையின்மைச் சான்று வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறலாம். மனம் கசந்து ராஜினாமா எழுதுவதற்கும் போகும் இடம் தெரிந்து ராஜினாமா எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு அந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்குக் கீழே பொறியியல் படித்த பையன் ஒருவன் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மற்றவர்கள் மூன்று நாள் செய்யும் மாதாந்திர அறிக்கையை, கணினியில் ஏதோ எழுதி வைத்து அரை மணியில் முடித்துவிடுகிறான். அதனால் எல்லோரும் தங்கள் வேலையையும் அவனிடம் தள்ளுகிறார்கள். இப்போது யாரோடும் பேசுவதில்லை, முகம் கடுகடுவென்று இருக்கிறது. மாறுதல் கேட்கப் போகிறேன் என்கிறான். எனக்கு அவனை விட மனமில்லை. என்ன செய்வது?

– ஒரு வாசகர்

பதில்: மேலே உள்ள கடிதத்தையும் நீங்கள் படிப்பீர்கள் என்பதால், அதில் வந்த கதையின் மீதியை உங்களுக்குச் சொல்கிறேன். 1912 மார்ச்சில் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலாளராக வாய்த்த எஸ். நாராயண ஐயர், கணிதம் தெரிந்தவர். மாலை நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் தாவித் தாவிப் போகும்போது, படிகளை விரித்து எழுதச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். ஊழியரின் திறமைக்குத் தாமும் ஈடுகொடுக்க முயன்ற அதிகாரி அவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது, நாராயண ஐயரைப் போன்ற ஒருவர் நடுவில் இருந்ததால்தான்.

உங்கள் பையனுக்கு இன்று கிடைப்பது கூடுதல் வேலை, கடினமான வேலை அல்ல. நம் அலுவலகங்களில் வேலை தெரிந்தவன் தலையில்தான் எல்லாக் கோப்பும் வந்து விழும். அதைத் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நாளைக்கே மற்றவர்களின் அறிக்கைகளை அவரவர் மேசைக்குத் திருப்பி அனுப்புங்கள். அவன் எழுதி வைத்த கணினி முறையை மற்றவர்களுக்கும் அவனையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், கற்றுக்கொடுப்பதற்கென்று அவனுக்கு அலுவலக நேரத்தில் நேரம் ஒதுக்குங்கள். பிறகு, பத்து ஆண்டுகளாக யாரும் அவிழ்க்காத கட்டு ஒன்று உங்கள் பதிவறையில் இருக்குமே, நீதிமன்ற வழக்கோ தணிக்கைத் தடையோ, அதைப் பிரித்து அவன் முன்னால் வையுங்கள். பத்திவாரிக் குறிப்புரையை, அதாவது ஒவ்வொரு பத்திக்கும் எழுதும் பதிலை, முதல் வரைவாக அவன் எழுதட்டும். நீங்கள் சிவப்பு மையில் திருத்துங்கள், ஏன் திருத்தினீர்கள் என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புரை மேலே போகும்போது, எழுதியவர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அவன் மாறுதல் கேட்டால், பரிந்துரை எழுதிக் கொடுத்து அனுப்பி வையுங்கள். ராமானுஜனைத் துறைமுகக் கழகம் பதினான்கு மாதங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோது, அவரை அவர்களே விடுவித்து அனுப்பினார்கள்.